கைநாட்டு உறுப்பினர்

அந்த ஜனவரியில் ஆம்பூரில் புத்தகம் படிப்பது என்று முடிவெடுத்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். உடம்பை இளைக்க வைப்பது என்று முடிவெடுத்தவர்கள் இதைவிட ஜாஸ்தி. ஆனால் அவர்களுடைய வைராக்கியம் பொங்கலோடு முடிந்துபோனது. இந்தப் பதினான்கு பேரும் பஜாருக்குப் பின்னால் ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பதினொரு மணிக்குக் கூடினார்கள். அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. சர்ச்சுக்குப் போகிறவர்கள் பதினொன்றுக்குள் வந்துவிடுவார்கள். பன்னிரண்டரையைத் தாண்டினால் பிரியாணிக் கடையில் அண்டாவின் அடியைக் கரண்டி தட்ட ஆரம்பித்துவிடும். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் இலக்கியத்துக்கு ஒதுக்கப்பட்டது.

வட்டத்தை நடத்தியவன் ஷபீ அஹமது. தோல் பதனிடும் மருந்துகள் விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். முப்பத்திரண்டு வயது. குரோமியத்தையும் கவிதையையும் ஒரே குரலில் விற்கத் தெரிந்தவன். போன வருடமும் ஒரு வட்டம் தொடங்கியிருந்தான். அதற்கு எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் படித்துவிட்டு வரவில்லை. சமோசா தின்றுவிட்டு, "இவரு எழுத்துல ஒரு இது இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மார்ச்சில் சமோசா நின்றது, ஏப்ரலில் வட்டம் நின்றது. ஆகவே இந்த வருடம் புத்தாண்டுத் தீர்மானமாகச் சார்ட் பேப்பரில் ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினான்: 'இருபத்து நான்கு ஞாயிறு, இருபத்து நான்கு புத்தகம். படித்தவர் உட்காரலாம். படிக்காதவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.'

மூன்றாம் ஞாயிறு ஆரோக்கியசாமி அந்த மாடிப்படியில் ஏறி வந்தார்.

ஐம்பத்தேழு வயது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. தோல் கம்பெனி ஒன்றில் செலக்‌ஷன் மேஸ்திரி. அதாவது பதனிட்ட தோலை மேசையில் விரித்து, ஊனம் பார்த்து, ரகம் பிரித்து, மூலையில் சாக்பீஸால் எழுத்துப் போடுகிறவர். உண்ணிக் கடி, முள்கம்பிக் கீறல், கசாப்புக் கத்தி வெட்டு எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடத்தில் அவர் 'ஏ' போட்ட தோலை வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பியதில்லை.

அவரைப் பார்த்ததும் அறையில் பேச்சு நின்றது. வீட்டிலிருந்தபடி ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிற மஹ்பூபி, கூட்டத்துக்கும் தையலைக் கொண்டு வருகிறவள், ஊசியைத் தோலில் பாதியில் நிறுத்தினாள். வங்கியில் ஓய்வுபெற்ற சீனிவாசன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை. மூலை மேசையில் நோட்டை விரித்து வட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் மட்டும் நிமிரவில்லை. அவள் ஜாஸ்மின். ஆரோக்கியசாமியின் ஒரே மகள்.

"இன்னா மேஸ்திரி, இந்தப் பக்கம்?" என்றான் ஷபீ.

"படிக்கலாம்னு."

"இன்னாத்த?"

"நீங்க இன்னா படிக்கிறீங்களோ அத்த."

ஷபீ ஜாஸ்மினைப் பார்த்தான். அவள் பேனாவை உதறிவிட்டு மேலே எழுதினாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவன் மேஸ்திரியைக் கையோடு கீழே கூட்டிப் போயிருப்பான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு புக்கு படிச்சிட்டீங்களா?"

"இல்லப்பா. இன்னிக்குத்தான் வர்றேன்."

"அப்ப ரூல்படி..."

"டீ குடிச்சிட்டுக் கெளம்புறேன்."

நின்றபடியே டீயைக் குடித்தார். அடுத்த கூட்டத்துக்கான புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். மகளோடு ஒரே அறையில் இருக்க அன்று அவருக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். டீ சூடாக இருந்ததால் நான்கு.

*

விஷயம் ஊருக்கே தெரியும்.

ஜாஸ்மினின் புருஷன் அன்பரசன் அதே கம்பெனியில் தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம் ஓட்டினான். வேலை வாங்கிக் கொடுத்ததே மாமனார்தான். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை கழிவுநீர்த் தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டது. உறிஞ்சுகிற லாரி வரவில்லை. யாராவது ஒருத்தன் இறங்கி அடைப்பை எடு என்று சொன்னார்கள். அன்பரசன் இறங்கினான். ஏறவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மேனேஜர் ஆரோக்கியசாமியை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். சாசரில் வைத்த டீ வந்தது. முப்பத்தொரு வருடத்தில் சாசர் வந்தது அதுதான் முதல் தடவை. டைப் அடித்த மூன்று பக்கம் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

"ஒரு ஃபார்மாலிட்டி மேஸ்திரி. நீங்க போட்டீங்கன்னா மத்தவங்க போட்டுருவாங்க. பொண்ணுக்கும் நஷ்டஈடு சீக்கிரம் முடியும்."

ஆரோக்கியசாமி மூன்று பெருக்கல் குறிக்கும் மேலே பெயரைப் போட்டார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார்.

டிசம்பரில் வேலூரில் விசாரணை. அந்த மூன்று பக்கத்தின் நகலை வாங்கி ஜாஸ்மின் வராந்தாவில் நின்றபடி படித்தாள். அன்பரசன் குடித்துவிட்டு, யாரும் சொல்லாமல், தானாகத் தொட்டியில் இறங்கினான் என்றும், அதை ஆரோக்கியசாமி கண்ணால் பார்த்தார் என்றும் அதில் இருந்தது. அன்பரசன் கல்யாண வீட்டில் எல்லாரும் குடிக்கக் கொல்லைப்பக்கம் ஒதுங்கும்போது பன்னீர் சோடாவும் கையுமாகப் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கிற ஆள். அவன் இறங்கிய நேரத்தில் ஆரோக்கியசாமி செலக்‌ஷன் மேசையில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாஸ்மின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நைனா, நீ இத்த படிச்சியா?"

"இல்லம்மா. கண்ணாடி எடுத்தாரல அன்னிக்கு."

அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. குடியிருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு அவள் போகும் வழியில் அவர் எதிரே வந்தால் அவள் தெருவை மாற்றவும் மாட்டாள். மின்கம்பத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போவாள்.

கண்ணாடி அன்று சட்டைப் பையில்தான் இருந்தது. இதை ஆரோக்கியசாமி பெண்சாதியிடமும் சொல்லவில்லை, சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பருக்குப் பிறகு அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. சம்பள ரிஜிஸ்டரில் கட்டைவிரலை வைத்தார். அக்கவுண்ட்ஸ் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மேஸ்திரி, ரிவர்ஸ் கியர்ல போறீங்க?" அவர் விரலைத் தலையில் துடைத்துக்கொண்டார். புது வருடப் பூசையில் சாமியார், ஆளுக்கு ஒரு தீர்மானம் எடுங்கள் என்றார். இடப்பக்கம் நின்றவன் பீடியை விட்டான். வலப்பக்கம் நின்றவன் சீட்டாட்டத்தை விட்டான். ஆரோக்கியசாமி இனிமேல் எதையும் முழுக்கப் படிப்பது என்று தீர்மானம் எடுத்தார்.

*

"நீ படிக்கப் போறியா?" என்றாள் பெண்சாதி முனியம்மா. களி கிண்டிக்கொண்டிருந்தாள். "ரேஷன் கார்டுல எம் பேரு தப்பா இருக்குன்னு பத்து வருஷமா கத்துறேன். அத்த படிச்சியாய்யா நீ?"

"அவ அங்க வர்றா."

துடுப்பு நின்றது.

"நாந்தான் வாய வச்சிகினு சும்மா இல்லாம ஒங்கிட்ட சொன்னேன். போய் அந்தப் பொண்ண பேஜார் பண்ணாத."

"பேச மாட்டேன். ஒக்கார்றேன், அவ்ளோதான்."

"ஒக்காந்து?"

"ஒக்காந்துகினு இருப்பேன்."

முனியம்மா வேகமாகக் கிண்டினாள். களி அடிபிடிக்கிற வாசம் வந்தது. "இத்தெல்லாம் எதுக்கு? வேலூர் வக்கீலாண்ட போயி, நான் அங்க இல்ல, எம் மருமவன் குடிக்கலன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடு. மேல் விசாரணை இன்னும் இருக்குதாம். வக்கீலம்மா எத்தினி தபா சொல்லி அனுப்புச்சி."

"குடுத்தா அன்னிக்கே வெளிய போடான்னுருவான்."

"சொல்லட்டும்."

"இன்னும் ஒரு வருசம்டி. அம்பத்தெட்டுல அவனே அனுப்பிருவான்."

"அப்ப ஒரு வருசம் புக்கு படி," என்றாள் முனியம்மா.

தூக்குவாளியில் முதல் உருண்டையைப் போட்டு, மேலே கருவாட்டுக் குழம்பை ஊற்றி மூடினாள். அது ஜாஸ்மின் வீட்டுக்கு. தினமும் இரண்டு தெரு நடந்து கொடுத்துவிட்டு வருவாள். வாளி காலியாகத் திரும்பும். நைனா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி மட்டும் அதில் வந்ததே இல்லை. அவள் கேட்டாளா என்று விசாரிப்பதை ஆரோக்கியசாமி அடுத்து வந்த மார்ச்சோடு விட்டுவிட்டார்.

*

முதல் புத்தகம் நூற்று எண்பது பக்கம். எட்டாவதோடு நின்ற படிப்பு. வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினார். அட்டையிலிருந்து ஆரம்பித்து, அச்சகத்தின் விலாசம், விலை, எத்தனையாவது பதிப்பு, எல்லாவற்றையும் படித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடுக்கி வைத்த தோல்கட்டின் மேல் உட்கார்ந்து படித்தார். கம்பெனியில் மேஸ்திரி கலெக்டர் பரீட்சை எழுதுவதாகப் பேசிக்கொண்டார்கள். அது மீனவர் கதை, புத்தகத்தில் மீன் வாசம் அடிக்கவேண்டும். இவர் பிரதியில் தோல் மருந்து வாசம் அடித்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்தார். படித்தாரா என்று சோதிக்க ஷபீ இரண்டு கேள்வி கேட்டான். அவர் மூன்று பதில் சொன்னார்.

"சரி மேஸ்திரி, புக்கு எப்படி?"

ஆரோக்கியசாமி புத்தகத்தைத் திறந்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். பழக்கம்.

"முதுகு நல்லாருக்கு. வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்கு. அந்த மாமங்காரன் வர்ற எடம். கடைசில கத்தி வெட்டு."

"கத்தி வெட்டா?"

"உரிக்கிறவன் நல்லாத்தான் உரிச்சிகினு வர்றான். முடியப்போவுதுன்னதும் அவசரம். சர்ருன்னு இழுத்துர்றான். 'பி' போடலாம்."

சீனிவாசன் அந்த நாவலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "நானும் அதையேதான் சொல்ல வந்தேன்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் நோட்டு சுற்றி வரும். ஜாஸ்மின் எழுதிய குறிப்புக்குக் கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுவது ஷபீயின் இன்னொரு விதி. நோட்டு ஆரோக்கியசாமியிடம் வந்தது. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எட்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டரை ஆகிக்கொண்டிருந்தது; பிரியாணிக்குப் போகிறவர்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார் என்று நினைத்தார்கள். இருக்கலாம். ஆனால் அது மகளுடைய எழுத்து. 'ழ' போடும்போது கடைசியில் ஒரு சுழி போடுவாள். ஆறாவது படிக்கும்போதே அப்படித்தான். வந்தவர்கள் பட்டியலில் பதினான்கு பெயர் இருந்தது. கடைசியில் 'மற்றும் ஒருவர்' என்று இருந்தது.

படித்து முடித்து, பையிலிருந்து சின்ன ஸ்டாம்ப் பேடை எடுத்துக் கட்டைவிரலை ஒற்றி வைத்தார்.

"மேஸ்திரி," என்றான் ஷபீ, "நூத்தி எண்பது பக்கம் படிச்சிட்டு கைநாட்டா?"

"கையெழுத்து போடறதில்ல இப்ப."

"தமிழ்நாட்டுலயே கைநாட்டு வைக்கிற வாசகர் வட்டம் நம்மதான் இருக்கும்."

"அப்ப பேப்பர்ல போடு," என்றாள் மஹ்பூபி, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன் கம்பெனி மருந்தாவது விக்கும்."

ஜாஸ்மின் நோட்டை வாங்கி மை ஒட்டாமல் நடுவில் ஒரு காகிதம் வைத்து மூடினாள்.

*

அப்படியே போயிற்று வருடம். மார்ச்சில் உறுப்பினர்கள் பதினொன்று. ஏப்ரலில் பாலாற்று மணலில் கால் வைக்க முடியாத வெயில். ஊர் முழுக்கத் தோல் வாடை கனத்து, மாடியில் ஒற்றைக் காற்றாடி அந்த வாடையையே எடுத்து எல்லார் மேலும் சமமாகப் போட்டது. உறுப்பினர்கள் ஒன்பது. ஆரோக்கியசாமி ஒரு ஞாயிறுகூட விடவில்லை. பெண்ணியக் கட்டுரைகள் படித்தார். ஒரு புதுக்கவிதைத் தொகுப்பைப் படித்துவிட்டு, "தோல்ல பாதி காலியா விட்டிருக்கான், அளவுக்குக் காசு குடுத்தா நஷ்டம்," என்றார். அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்த சீனிவாசனுக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

டீ கொடுப்பது முறை வைத்துச் செய்கிற வேலை. ஜாஸ்மின் முறை வந்தால் எல்லாருக்கும் கையில் கொடுப்பாள். அவருடைய கிளாஸை மட்டும் அவருக்கு அருகே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவாள். மற்ற ஞாயிறுகளில் ஷபீ கையில் கொடுக்கும் டீயைவிட அந்தக் கட்டை டீயை அவர் மெதுவாகக் குடித்தார்.

மே மாதம் குளிர்நாட்டு நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. நானூறு பக்கம். அவர் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல சரக்குதான். ஆனா முன்னூத்தம்பது பக்கம் பனி பெய்யுது. வீட்டுக்குள்ள எல்லாரும் நடுங்குறாங்க, இருமுறாங்க, சாவுறாங்க. ஒருத்தன்கூட எழுந்து போய் கதவ சாத்தல."

அறையே சிரித்தது. ஜாஸ்மின் நோட்டின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவள் தோள் இரண்டும் குலுங்குவதை ஆரோக்கியசாமி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து முனியம்மாவிடம் சொன்னார். "சிரிச்சா."

"யாரு?"

"அவ. நான் சொன்னதுக்கு."

"ஒன்னப் பாத்தா?"

"நோட்டப் பாத்து."

அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பிறகு ஐந்து மாதம் அவர் ஒவ்வொரு புத்தகத்திலும் சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். பெரும்பாலும் எழுத்தாளர்கள் உதவி செய்யவில்லை.

*

அக்டோபரில் ஷபீ சீட்டுக் குலுக்கினான். மிச்சமிருந்த ஞாயிறுகளுக்குச் சீட்டில் பெயர் விழுந்தவர்கள் அவரவர் விருப்பத்தில் ஏதாவது கொண்டுவந்து வாசிக்கலாம். நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஆரோக்கியசாமிக்கு விழுந்தது.

அன்று சாயங்காலம் முனியம்மாவிடம் கேட்டார்.

"அவ வீட்டு பீரோல அந்தப் பேப்பர் இருக்கும்ல."

"எந்தப் பேப்பர்?"

விரலால் காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். முனியம்மாவுக்குப் புரிந்தது.

"அது எதுக்கு ஒனக்கு?"

"நான் அத்த இன்னும் படிக்கல."

முனியம்மா அவரையே பார்த்தாள். "ஒன்னேகால் வருசம் ஆச்சேய்யா. இன்னும் படிக்கலயா நீ?"

"இல்ல."

"ஊர்ல இருக்குற புக்கெல்லாம் படிச்ச."

"ஆமா."

மறுநாள் தூக்குவாளி திரும்பும்போது அதற்குள் பாலிதீன் கவரில் மூன்று பக்கம் ஜெராக்ஸ் இருந்தது. மகளுக்குத் தெரியாமல் எடுத்து, நகல் போட்டு, திரும்ப வைத்துவிட்டாள். "இத்த என்னா பண்ணப்போறன்னு எங்கிட்ட சொல்லாத," என்றாள். "சொன்னா நான் அழுவேன். இல்லன்னா தடுப்பேன்."

காகிதத்தில் குழம்பு வாசம் அடித்தது. இரண்டாம் பக்கத்தில், கடைசி வரிக்கு மேல் வரியில், கறுப்பாக ஒரு பட்டை. ஜாஸ்மின் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, திரும்பத் திரும்பப் போட்டு, அவளுடைய நகலில் காகிதம் கிழிந்திருந்தது. ஜெராக்ஸ் மிஷின் கிழிசலைக் கறுப்பாக எடுத்திருந்தது. எழுத்துகள் மட்டும் அதற்கு மேலே சுத்தமாகத் தெரிந்தன.

*

அந்த ஞாயிறு நல்ல மழை. மழையில் தோல் காயாது என்பதால் கம்பெனியில் இரண்டு நாளாக வேலை மந்தம். வட்டத்துக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். குடைகள் படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தன.

"மேஸ்திரி, இன்னிக்கு இன்னா புக்கு? பேரு சொல்லவேயில்லயே," என்றான் ஷபீ.

"சின்னது. மூணு பக்கம். இங்கயே படிச்சிரலாம்."

மூன்று பக்கம் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டுக்கே கடைக்குப் போய்விடலாம்.

ஆரோக்கியசாமி முதலில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அதை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பாலிதீன் கவரைப் பிரித்தார்.

"ஆம்பூரில் வசிக்கும், ஐம்பத்தாறு வயதுடைய, ஆரோக்கியசாமி ஆகிய நான், என் சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் அளிக்கும் வாக்குமூலம்."

மஹ்பூபியின் ஊசி நின்றது. ஷபீ எழுந்தே விட்டான்.

"மேஸ்திரி, வேணாம்."

"இது எஞ் சீட்டுல விழுந்த ஞாயித்துக்கெழம தம்பி."

ஷபீ மூலை மேசையைப் பார்த்தான். ஜாஸ்மின் பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். போவதென்றால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஷபீ உட்கார்ந்தான்.

ஆரோக்கியசாமி படித்தார். விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது. 'மேற்படி நபர்', 'சம்பவ இடம்', 'பாதுகாப்பு உபகரணங்கள் போதிய அளவு இருந்தும்'. அவருக்குத் தெரிந்த ஒரு சொல்கூட அதில் இல்லை. கொடுக்காத கையுறை இருந்தது, வராத சூப்பர்வைசர் வந்தார், மாட்டாத எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் விரல் அந்தக் கறுப்புப் பட்டைக்கு வந்தது. நின்றது. தாண்டியது. கடைசி வரியைப் படித்தார். மூன்றாம் பக்கத்தையும் படித்தார்.

"இப்படிக்கு, ஆரோக்கியசாமி, செலக்‌ஷன் மேஸ்திரி."

மூன்று பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கினார்.

"ஒரு வரி விட்டுட்டீங்க."

ஜாஸ்மின் நிமிராமலே சொன்னாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவள் அவரிடம் பேசியது இது. பிறந்ததிலிருந்து அவரை 'நீ' என்று கூப்பிட்டவள். அந்த 'ங்க' எங்கே வந்து விழுந்தது என்று ஆரோக்கியசாமிக்குத் தெரிந்தது.

"ரெண்டாம் பக்கம். கடைசி வரிக்கு மேல."

அவர் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டார்.

"மேற்படி அன்பரசன்," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "மேற்படி அன்பரசன் மதுபோதையில், தானாகவே தொட்டிக்குள் இறங்கியதை நான் நேரில் கண்டேன்."

மஹ்பூபி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப படிச்சிட்டீங்க," என்றாள் ஜாஸ்மின்.

"படிச்சிட்டேம்மா."

"அன்னிக்கே இத்த படிச்சிருந்தா?" அவள் இப்போது நிமிர்ந்தாள். "போட்டிருக்க மாட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை அவர் ஒரு வருடமாக வைத்திருந்தார். சர்ச்சில் முழங்காலில் நின்று அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். போட்டிருக்க மாட்டேம்மா, சத்தியமா போட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் இத்தனை புத்தகம் படித்து இந்த நாற்காலியில் இடம் பிடித்தார். இப்போது காகிதம் கையில் இருந்தது. ஒரு தோலைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் அதைத் தடவினார். சாசரில் வந்த டீ ஞாபகம் வந்தது. மேனேஜர் மேசைக்கு மேலே ஓடிய ஏசி ஞாபகம் வந்தது. முப்பத்தொரு வருடம் ஞாபகம் வந்தது.

"போட்டிருப்பேம்மா," என்றார்.

ஷபீ கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணாடி அன்னிக்கு பையிலதான் இருந்துச்சி. இன்னா எழுதியிருக்கும்னு தெரியும். தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் படிக்கல. படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன். பயம்." காகிதத்தை நான்காக மடித்தார். "நான் அங்க இல்லம்மா. செலக்‌ஷன் மேசையாண்ட இருந்தேன். அவன் குடிக்கிற புள்ள கெடையாது. அவன யாரு எறங்கச் சொன்னாங்கன்னும் எனக்குத் தெரியும். மேனேஜருதான் சொன்னாரு. டிரம்மாண்ட வேல செஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

ஜாஸ்மின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்கிற முகமாக இருந்தது. பிறகு நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்கும்வரை பேனா நிற்கவில்லை.

நோட்டு சுற்றி வந்தது. சீனிவாசன் போட்டார். மஹ்பூபி போட்டாள். ஷபீ போட்டான். மணி பன்னிரண்டு நாற்பது. ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. கடைசியாக ஆரோக்கியசாமியிடம் வந்தது. வழக்கம்போல் முதல் வரியிலிருந்து படித்தார்.

'வாசிக்கப்பட்டது: வாக்குமூலம், மூன்று பக்கம். வாசித்தவர்: ஆரோக்கியசாமி. சம்பவ நேரத்தில் தான் அங்கே இல்லை என்றார். அன்பரசன் குடிப்பவன் அல்ல என்றார். மேனேஜர் சொல்லித்தான் இறங்கினான் என்றார். கண்ணாடி தன்னிடம் இருந்தது என்றார். படித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார்.'

இரண்டாவது தடவையும் படித்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. இந்த நோட்டு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமையோ, செவ்வாய்க்கிழமையோ, வேலூர் வக்கீலம்மாவிடம். அதற்கு அடுத்த நாள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அவரை உள்ளே விடமாட்டான்.

ஸ்டாம்ப் பேடை எடுத்தார். மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிப் பையில் வைத்தார்.

"பேனா இருக்குமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

ஷபீ பையில் கை விட்டான். அதற்குள் ஜாஸ்மின் எழுந்து வந்து, தன் பேனாவை அவருக்கு அருகே ஜன்னல் கட்டையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

ஆரோக்கியசாமி அதை எடுத்தார். விட்டுப்போன பழக்கம், முதல் எழுத்து கோணலாக வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, கடைசி 'மி' வரை முழுப் பெயரையும் எழுதினார். பேனாவைக் கட்டையிலேயே வைத்தார்.

மழை ஈரத்தில் மை சீக்கிரம் காயவில்லை. காயும்வரை ஜாஸ்மின் நோட்டை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.